நிலைப்படிக்கு மஞ்சள் பெயிண்ட்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஒரே ஒரு கடிதத்துக்கு, அதுவும் இடம் போதாமல் நாலே வரியில், பதில் சொல்லியிருந்தேன். வயதான அம்மாவை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கேள்வி அது. அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அம்மா, அப்பா, மாமியார், பெரியப்பா பற்றித்தான். அதனால் முடி உதிர்வும் முகப்பருவும் இந்த மாதம் காத்திருக்கட்டும். அரசு மருத்துவமனையில், எலும்பு முறிவு வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். கொஞ்சம் அதட்டலாகத்தான் பேச வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. அப்பா போன பிறகு மன்னார்குடி பக்கத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, நல்லவேளையாக மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. சென்னைக்குக் கூப்பிட்டால், "உன் ஃபிளாட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார நான் வரவில்லை" என்கிறார். மழைக்காலம் வருவதற்குள் வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும்?
– ஒரு மகள், சென்னை

பதில்: அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொல்லையில் நாலு செடி, திண்ணையில் உட்கார்ந்தால் பேச நாலு பேர், இதையெல்லாம் விட்டுவிட்டு ஆறாவது மாடிக்கு வருவது அவருக்குப் பாதுகாப்பு இல்லை, சிறை. அதனால் வீட்டைத்தான் அவருக்குத் தகுந்தாற்போல மாற்ற வேண்டும். ஆனால் போனதும் கொத்தனாரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். ஒரு சனி, ஞாயிறு போய்த் தங்கி, விடியற்காலையிலிருந்து ராத்திரி படுக்கும்வரை அம்மா பின்னாலேயே சும்மா நடந்து பாருங்கள். எங்கே கால் தயங்குகிறது, எதை எக்கி எடுக்கிறார், எந்த இடத்தில் சுவரைப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். சுவரில் கைபட்டுக் கைபட்டு அழுக்கேறிய இடம் இருக்கும் பாருங்கள், அங்கேதான் கைப்பிடி வேண்டும். எந்த இன்ஜினியரும் அதைவிடச் சரியாகக் குறித்துத் தர மாட்டார்.

பாத்ரூமிலிருந்து ஆரம்பிக்கலாம். கைப்பிடி என்றால் டவல் போடும் கம்பி இல்லை, அதைப் பிடித்துத் தொங்கினால் கம்பியோடு சேர்ந்து விழ வேண்டியதுதான். ரப்பர் கப் வைத்து ஒட்டும் கைப்பிடிகளையும் நம்பாதீர்கள். ஒரு ஆளின் முழு எடையைத் தாங்கும் ஸ்டீல் கைப்பிடியாக வாங்கி, சுவரில் துளை போட்டு போல்ட் வைத்து முடுக்க வேண்டும். உங்கள் வீட்டுச் சுவர் பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் போல்ட் பிடிக்காது, உதிரும். அப்போது சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போல்ட் போட்டு இரண்டு பக்கமும் தகடு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தரையில் குழி எடுத்து இரும்புப் பைப்பை ஊன்றிக் கொள்ளலாம். டாய்லெட் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, கதவுக்குப் பக்கத்தில் ஒன்று. அம்மாவை நிற்கவைத்து, அவர் கை இயல்பாகப் போகும் உயரத்தில் குறியுங்கள், பிளம்பர் உயரத்தில் இல்லை.

கதவு உள்பக்கமாகத் திறப்பதா? எங்கள் வார்டுக்கு வந்த எத்தனையோ பேர் விழுந்தது ஒரு நிமிடம், வெளியே எடுக்க ஆனது அரை மணி நேரம். விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். கீலை மாற்றிக் கதவை வெளிப்பக்கமாகத் திறக்க வைப்பது ஒரு ஆசாரிக்கு அரை நாள் வேலை. உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, அவசரத்துக்கு வெளியிலிருந்தும் நாணயம் வைத்துத் திருப்பித் திறக்கிற மாதிரி பூட்டு போடுங்கள்.

குளிக்க ஸ்டூல் வைக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் சேர் ஈரத்தரையில் காலை அகட்டிக்கொண்டு சறுக்கும், ஆகவே கால்களில் ரப்பர் புஷ் உள்ளதாக, கை வைத்ததாக வாங்குங்கள். எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லாதீர்கள், சொன்னாலும் கேட்கமாட்டார். வெளியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சீயக்காய் போட்டுக் குளித்து, பிசுக்குப் போகத் தரையைக் கழுவிவிட்ட பிறகுதான் எழுந்திருப்பது என்று வைத்துக்கொண்டால் போதும். வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு வீட்டில் இருந்தால் அதைக் கையோடு சென்னைக்கு எடுத்து வந்துவிடுங்கள். கீசர் வைத்தால், மின்கசிவு வந்த உடனே கரண்ட்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர்.

பழைய வீடுகளில் பாத்ரூமுக்கு அடுத்தபடி ஆபத்து நிலைப்படிதான். பல வருடம் தாண்டிய படிதான், ஆனால் புரை விழுந்த கண்ணுக்கு மங்கலான வெளிச்சத்தில் படியும் தரையும் ஒரே நிறம். நிலைப்படியின் விளிம்பு, முற்றத்தின் இறக்கம், திண்ணைப் படி எல்லாவற்றிலும் இரண்டு அங்குல அகலத்துக்குப் பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட் அடித்துவிடுங்கள். நிலைக்கு மஞ்சள் பூசுவது நம்மிடம் உள்ளதுதானே, அம்மா ஆட்சேபிக்க மாட்டார். திண்ணைப் படிக்கு ஒரு பக்கமாவது பைப் கைப்பிடி வேண்டும். கண் புரை இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கொல்லைப்புறம் முழுக்கப் பாசி பிடித்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க ஆள் வையுங்கள். ஒரு எச்சரிக்கை, பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டைச் சேர்த்து ஊற்றிவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். "இரண்டையும் கலந்தால் நன்றாகப் போகும்" என்று சொல்கிற ஆள் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார்.

இன்னும் சின்னச் சின்னதாக இருக்கிறது. தரையில் புரளும் நைட்டியை இரண்டு அங்குலம் மடித்துத் தைத்துக் கொடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். தினமும் எடுக்கும் டப்பாக்களைப் பரணிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். விடிவதற்கு முன்னால் ஈர வாசலில் குனிந்து கோலம் போடுகிறாரா? கோலத்தை நிறுத்தாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வெயில் எட்டிப் பார்த்த பிறகு போட்டால் என்ன கெட்டுப்போகிறது.

கால் மிதியடி பற்றிச் சொல்ல எனக்கே வெட்கம். வார்டில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்த என் வீட்டில், என் மாமியார் விழுந்தது நான் ஆசையாக வாங்கிப் போட்ட பூப்போட்ட மிதியடி சறுக்கித்தான். அதைவிட மோசம், இரண்டு நாள் அதை என்னிடம் சொல்லவே இல்லை. நான் கத்துவேன் என்ற பயம். விழுந்ததற்காகத் திட்டினால் அடுத்த முறை விழுவது நிற்காது, நம்மிடம் சொல்வதுதான் நிற்கும். அதனால் உங்கள் அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள், விழுந்தால் திட்டு கிடையாது என்று.

விழுந்தவுடன் பதறி எழக்கூடாது. மூச்சு நிதானமாகும்வரை கிடந்து, ஒரு பக்கமாகப் புரண்டு, முட்டிபோட்டு, கெட்டியான நாற்காலியைப் பிடித்து மெல்ல எழ வேண்டும். இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையான மாதிரி வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கும். நிற்கவைத்துப் பார்க்க வேண்டாம், எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். இதற்கெல்லாம் போன் கைக்கெட்ட வேண்டுமே, அலமாரி மேல் இருந்து என்ன பயன்? ஒரு சுருக்குப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிடுங்கள், பாத்ரூமுக்கும் அது கூடவே போகட்டும். மாற்றுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தால் உங்களுக்கு ஒரு போன் போடச் சொல்லிப் பால்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கடையில் விற்கிற எந்தக் கருவியும் இதற்கு ஈடாகாது.

கேள்வி: அப்பாவுக்கு 79. ராத்திரி நாலைந்து தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பார். இரண்டு தடவை கட்டில் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். பி.பி., புராஸ்டேட் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போட்டுவிடலாமா?
– மகன், பொள்ளாச்சி

பதில்: போடாதீர்கள். அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டியவர் கம்பி இருந்தால் படுத்துக்கொள்வாரா, கம்பி மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார். வார்டில் பார்த்திருக்கிறேன்.

எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அவரே சொல்லிவிட்டார், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பி.பி. பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், நிற்கும்போது மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். பி.பி. மாத்திரையும், புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் சேர்ந்தால் இப்படி ஆகலாம். உட்கார்த்திவைத்து ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு "நார்மல்" என்று அனுப்பிவிட்டால் இது தெரியவே தெரியாது. "நிற்கவைத்தும் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள், டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். போகும்போது மாத்திரைச் சீட்டு மட்டும் போதாது, வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் அள்ளிப்போட்டு எடுத்துப் போங்கள். நீர் மாத்திரையைச் சாயங்காலம் சாப்பிடுகிறாரா, தூக்கம் வரவில்லை என்று யாரோ எழுதிக் கொடுத்த ஆல்பிரசோலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா, சளிக்கு மெடிக்கலில் தானே வாங்கிப் போடும் மாத்திரை எது என்று அந்தப் பையில்தான் கண்டுபிடிக்க முடியும். புராஸ்டேட் உள்ளவருக்குச் சில சளி மாத்திரைகள் சிறுநீரையே அடைத்துவிடும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது, விழித்ததும் உட்கார்ந்து, கணுக்காலை இருபது தடவை மேலும் கீழும் ஆட்டி, ஒரு நிமிடம் கழித்து எழுவது. கட்டில் உயரம், உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படுகிற மாதிரி இருக்கட்டும். ஆள் நகர்ந்தால் தானே எரியும் சென்சார் பல்பு சில நூறு ரூபாய்தான், கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை இரண்டு மூன்று போடுங்கள். தண்ணீரைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் குறைக்கலாம், பகலில் குறைக்கக் கூடாது. யூரின் கேன் ஒன்று கட்டிலடியில் வைக்கலாம். ஆண்பிள்ளை மனசு ஒத்துக்கொள்ளாது, தெரியும். "ராத்திரி மட்டும், காலையில் நானே எடுத்துவிடுகிறேன், யாருக்கும் தெரியாது" என்று மகன் சொன்னால் கேட்பார்.

முக்கியமான ஒன்று. அப்பா இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? அப்படியானால் விழுந்தபோது தலையில் அடிபட்டிருந்தால் அன்றே காட்ட வேண்டும். மேலே புடைப்புக்கூட இல்லாமல் உள்ளே மெல்லக் கசிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலி, தூங்கி வழிவது, நடை தள்ளாடுவது என்று வரும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். இந்த ஒரு வாக்கியத்தால் கெட்டுப்போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது, தேவைப்பட்டவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். கால் தசைக்குப் பயிற்சி கிடைத்தாலே பாதி பயம் போகும்.

கேள்வி: என் மாமியாருக்கு 72. இரண்டு தடவை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து பாத்திரம் கருகிவிட்டது. ஒரு தடவை கேஸ் திறந்தே இருந்தது. சமையலறைப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் செய்தது தப்பா?
– மருமகள், திருநெல்வேலி

பதில்: பயத்தில் செய்தீர்கள், தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் வருடக்கணக்கில் அந்த அடுப்படியே அவர் ராஜ்ஜியம். ஒரே நாளில் பதவியைப் பறித்தால் யாருக்குத்தான் சாப்பாடு இறங்கும்?

முதலில் ஒன்று யோசித்துப் பாருங்கள். இந்த மறதி ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா, இல்லை போன வாரம் திடீரென்று ஆரம்பித்ததா? ஒரு வாரத்துக்குள் ஆள் மாறிப் போயிருந்தால், பகல் எது ராத்திரி எது என்று தெரியாமல் குழறினால், அது மறதி நோய் இல்லை, உடம்பில் வேறு ஏதோ கோளாறு. சோடியம் குறைந்திருக்கலாம். பி.பி. என்று உப்பைச் சுத்தமாக நிறுத்திவிட்டு நீர் மாத்திரையும் சாப்பிடும் வீடுகளில் இது சகஜம். சிறுநீரில் கிருமி, நெஞ்சில் சளி, சர்க்கரை இறங்குவது, எல்லாம் வயதானவர்களுக்கு இந்தக் குழப்பமாகத்தான் வெளியே தெரியும், காய்ச்சல்கூட இருக்காது. அன்றே ஆஸ்பத்திரி. அவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர், வியர்த்துக் கொட்டி உளறுகிறார் என்றால் நினைவு இருக்கும்போதே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

மெல்ல வந்த மறதி என்றால் தைராய்டு, பி12 இரண்டும் பார்த்துவிட்டு முதியோர் மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னை வர முடிகிறவர்களுக்குக் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம், 200 படுக்கைகளோடு, 2024லிருந்து இருக்கிறது. நீங்கள் இருப்பது நெல்லை என்பதால் உங்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே முதலில் கேளுங்கள்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். பால் காய்ச்ச, டீ போட இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக் கொடுங்கள், டைமர் வைத்தால் தானே அணையும். கேஸ் அடுப்பை நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் வைத்துக்கொண்டு, வெளியே போகும்போது சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள். வயதானால் வாசனை தெரிவது குறையும், அவருக்குக் கேஸ் வாசம் எட்டாமலே இருக்கலாம். சமையல் வாயு காற்றைவிடக் கனம், தரையோடுதான் தேங்கி நிற்கும். வாசம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, ஃபேன் உட்பட. கதவைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, எல்லாரையும் வெளியே அனுப்பி, நீங்களும் வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் போன் செய்யுங்கள். ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், அதன் மேலேயே தேதி போட்டிருக்கும்.

அப்புறம், இன்றைக்குச் சாயங்காலமே அவரைக் கூப்பிட்டு, "அத்தை, புளிக்குழம்புக்கு உப்புப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். முருங்கைக்கீரை உருவ, வெங்காயம் உரிக்க, நாற்காலி மேஜை போட்டுக் கொடுங்கள். "கேஸ் அணைச்சீங்களா" என்று பத்துத் தடவை கேட்பதைவிட, நீங்களே போய்ப் பார்த்துவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

கேள்வி: அப்பா அறையில் சி.சி.டி.வி. கேமரா வைத்து துபாயிலிருந்து பார்த்துக்கொள்ளலாமா? அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறேன்.
– மகன், துபாய்

பதில்: ஹாலில், வாசலில் வையுங்கள், சொல்லிவிட்டு வையுங்கள். படுக்கையறையில் வேண்டாம். உங்கள் படுக்கையறையில் அவர் ஒன்று வைத்தால் சம்மதமா? அதோடு, அவர் விழுவதை அங்கிருந்து பார்க்கத்தான் முடியும், தூக்க முடியாது. ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கு ஓடிவரக்கூடிய ஒருவரின் நம்பரை முதலில் தேடுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியரான என் மாமாவுக்கு வீடியோ காலில் போலீஸ் யூனிஃபார்மில் ஒருவன் வந்து, "உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் போயிருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சொல்லி, இரண்டு நாள் போனை வைக்கவே விடாமல் மூன்று லட்சம் பிடுங்கிவிட்டான். அவமானத்தில் யாரிடமும் பேச மாட்டேன் என்கிறார்.
– வாசகர், திருச்சி

பதில்: டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீசும், எந்த நீதிபதியும் வீடியோ காலில் கைது செய்ய மாட்டார்கள், கணக்கைச் சரிபார்க்கப் பணம் அனுப்பச் சொல்லவும் மாட்டார்கள். இதை இப்போது இங்கே எழுதுவது சுலபம். நாற்பது வருடம் வாத்தியாராக இருந்து ஒரு கெட்ட பெயர் வாங்காதவரிடம் "உன் பெயர் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது" என்றால் கை நடுங்கத்தான் செய்யும். நல்ல மனிதர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே போன் செய்து புகார் பதியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பிடித்து நிறுத்த வாய்ப்புண்டு. நாள் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள், புகார் கொடுத்தே ஆக வேண்டும். "பணம் திரும்ப வாங்கித் தருகிறோம், ஃபீஸ் கட்டுங்கள்" என்று அடுத்த கூட்டம் ஒன்று வரும், அதுவும் திருட்டுதான்.

வீட்டில் மற்ற முதியவர்களுக்கு: அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கு, அதில் மட்டும் யு.பி.ஐ. இருக்கட்டும். ஓய்வூதியச் சேமிப்பும் டெபாசிட்டும் உள்ள கணக்கில் மொபைல் பேங்கிங் வேண்டாம், இருந்தால் ஒரு நாள் வரம்பைக் குறைத்துவிடுங்கள். மாமாவிடம் "எப்படி ஏமாந்தீங்க" என்ற கேள்வியை யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே என் மாமியார் மிதியடிக் கதை சொன்னேனே, அதேதான். சாப்பிடாமல், தூங்காமல் இருப்பது ஒரு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைக்கப் போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, சேலம்

பதில்: ஹோம் நர்ஸ் என்று வருகிற எல்லாரும் நர்ஸ் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஊசி போட, டியூபில் உணவு கொடுக்கத் தேவை இருந்தால் படித்த ஆள்தான் வேண்டும், சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடையாள அட்டை நகல், முன்பு வேலை பார்த்த வீட்டு நம்பர், இரண்டும் முதல் நாளே வாங்கிவிடுங்கள், அந்த வீட்டுக்குப் போன் போட்டும் பேசுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஆளை எப்படி மாற்றுவீர்கள் என்று உங்கள் எதிரில் செய்து காட்டச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அப்புறம் நம் பக்கம். அந்தப் பெண்ணுக்கு வயிறாரச் சாப்பாடு, ராத்திரி படுக்க ஒரு இடம், வாரத்தில் ஒரு நாள் லீவு. தூங்காத ஆள் கையில் அம்மாவைக் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது.

கேள்வி: வயது 76, மனைவி இல்லை. சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். "இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம்" என்கிறான் மகன். நல்லவன்தான். ஆனால் மனசு ஒப்பவில்லை.
– வாசகர், ஈரோடு

பதில்: ஐயா, வழுக்காத தரை போட்டு என்ன, தரையே நம்முடையது இல்லை என்று ஆகிவிட்டால்? உங்கள் தயக்கம் சரியானது, மகன் நல்லவன் என்பதும் சரியாக இருக்கலாம்.

உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை வீடு உங்களுடையது, மனசு மாறினால் உயிலையும் மாற்றலாம். தானப் பத்திரமோ செட்டில்மென்ட்டோ பதிவு செய்துவிட்டால் திரும்ப வாங்குவது லேசில்லை. கொடுத்தே தீர வேண்டும் என்றால், ஆயுள்வரை நான் இந்த வீட்டில் குடியிருந்து அனுபவிப்பேன் என்பதையும், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று 2007இல் ஒன்று வந்தது. அதன் 23ஆம் பிரிவின்படி, பராமரிப்பதாக நிபந்தனை போட்டு வாங்கிக்கொண்டு பராமரிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும், அங்கே சரிப்படாவிட்டால் கலெக்டரிடம் மேல்முறையீடு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம்கூட, ஒரு தாய் மகனுக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை இந்தப் பிரிவின் கீழ் ரத்து செய்தது. ஆனால் பத்திரத்தில் நிபந்தனை எழுதாமல் விட்டால் வழக்கு இழுக்கும். பத்திர எழுத்தர் "அதெல்லாம் எதுக்குங்க, சொந்தப் பையன்தானே" என்பார், அவருக்கு என்ன போயிற்று.

வேறு யோசனை கேட்க, புகார் சொல்ல முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, காசு கிடையாது. மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வாப்பா, வந்து இரு, ஒரு வருஷம் சேர்ந்து இருந்து பார்ப்போம்."

கேள்வி: எனக்கு வயது 81. பேத்தி எழுதித் தருகிறாள். நாற்பது வருடமாக எங்கள் வீட்டுக் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்துதான் காபி குடிப்பேன். போன மாதம் இறங்கும்போது கொஞ்சம் தடுமாறினேன், விழவில்லை. மகன் ஊஞ்சலைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டான். அவன் செய்தது சரியா?
– காரைக்குடி

பதில்: அம்மா, உங்கள் மகனுக்கு வந்த பயம் நிஜம். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஊஞ்சல் ஆபத்து, நாம் கையை ஊன்றுகிற நேரத்தில் அது பின்னால் நகர்ந்துவிடும். உட்கார்ந்தபின் ஒன்றுமில்லை. அதனால் சங்கிலியில் இரண்டு கண்ணி இறக்கி, உங்கள் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிகிற மாதிரி பலகையை மாட்டச் சொல்லுங்கள். பின்பக்கச் சுவரில் ஒரு கொக்கி அடித்து, நீங்கள் ஏறி இறங்கும் நேரத்தில் பலகை ஆடாமல் அதில் கோர்த்து வைக்கலாம். எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள எதிரில் கைக்கெட்டும் தூரத்தில் கனமான மரநாற்காலி ஒன்று. தரையில் பாய், மிதியடி எதுவும் வேண்டாம். கொக்கியை மாட்டுவதும் எடுப்பதும் பேத்தியின் வேலை, காபி நேரத்துக்கு அவள் எப்படியும் அங்கே வந்துவிடுவாள்.

இந்தப் பக்கத்தைப் பேத்தியிடமே கொடுத்து அப்பாவிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பரணில் ஏறி ஊஞ்சலை இறக்கும்போது அவரும் ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வைத்துக்கொள்ளட்டும், உங்கள் வயதுக்கு அவருக்கும் அறுபதை நெருங்கியிருக்கும்.